திருநாளைப்போவார் வரலாறும் சமுதாய ஆராய்ச்சியின் அளவைகளும்

ஒரு நூலைச் சான்றாகக் காட்டுவார், அந்நூல் எதற்குச் சான்றாகும் என்பதனை முன்னர்த் துணிதல் வேண்டும். மன்றத்தே சான்று உரைப்பான் ஒருவன், தான் கண்டதைக் கூறுகின்றனனோ, பிறர்பாற் கேட்டதைக் கூறுகின்றனனோ, எவர் வினாவ, எதன்பொருட்டுக் கூறுகின்றனனோ என்பவற்றை ஆராயாது அவன் சொல்லை அறிவுடையார் கைக்கொள்ளார். நூலுக்கும் அந்நெறியே உரியது. ஆயினும், சமுதாய ஆராய்ச்சி என்னும் பெயரான் வெளிவரும் எழுத்துக்கள் பலவற்றினும், அவற்றை மறுத்தற்கு எழும் சைவர் எழுத்துக்கள் பலவற்றினும், இந்நெறி பேணப்படுதல் அரிதாயிற்று.

இவ்விரு திறத்தாரும் மிகுதியும் எடுத்தாளுவது திருநாளைப்போவார் வரலாறு. சைவம் குலத்தின் பெயரால் இழைத்த கொடுமைக்கு அஃதே கரி என்பர் ஒரு சாரார். சைவத்தில் குலவேற்றுமை என்றும் இருந்ததின்று என்பதற்கு அஃதே கரி என்பர் மற்றொரு சாரார். ஒரே வரலாறு இரு மறுதலை முடிபுகளுக்கும் கரியாதல் எங்ஙனம்? 'பெரியபுராணம் கூறுகின்றது' என்று தொடங்கி, பெரியபுராணத்திற் காணப்படாத வேதியரையும் நாற்பது வேலி நிலத்தையும் கூறி முடிப்பார் இரு திறத்தினும் உளர் என்பதே இவ்வினாவிற்கு விடையாகின்றது. இது வெறும் ஏட்டாராய்ச்சியன்று. கோயில் வாயிலில் யார் நிற்கலாம் என்னும் வழக்கில் இவ்வரலாறு நெடுங்காலம் கரியாக அழைக்கப்பட்டது. ஆகலின் அதனை ஆராயும் முறை செம்மையுற வேண்டும்.

மேனாட்டில் வளர்ந்த ஆராய்ச்சி முறைகளுள் இரண்டு ஈண்டு வேண்டப்படுவன. ஒன்று வரலாற்று முறை. 1898இல் லாங்லுவா, செய்ஞோபோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் எழுதிய நூல் அதனைத் தெளிவுற வகுத்தது. ஓர் ஆவணத்தின் காலம், இடம், ஆக்கியோன், பாடம் என்பவற்றை ஆராய்தல் புறவாராய்ச்சி எனப்படும். அதன் சொற்பொருளையும், சொன்னவன் உண்மையை அறியத்தக்க நிலையில் இருந்தனனா என்பதையும் ஆராய்தல் அகவாராய்ச்சி எனப்படும். மற்றொன்று சொல்லாடல் ஆய்வு. 1952இல் செல்லிக் ஹாரிஸ் அப்பெயரால் எழுதிய கட்டுரை, தனி வாக்கியத்தின் எல்லையைக் கடந்து உரைத்தொடர் முழுவதன் அமைப்பையும் ஆராய முற்பட்டது. 1969இல் மிஷேல் பூக்கோ வெளியிட்ட அறிவின் தொல்லாய்வு என்னும் நூல், ஒரு காலத்தே எவை சொல்லத்தக்கனவாயின, எவர் சொல்லத்தக்கவராயினர் என்னும் வினாவை முன்வைத்தது.

இவ்விரண்டனையும் இணைத்தவர் வியன்னாவில் ரூத் வோடாக்கும் அவருடன் உழைத்தோரும் ஆவர். 1986இல் ஆஸ்திரிய நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் குர்ட் வால்ட்ஹைம் நின்றபொழுது, அவர்தம் போர்க்காலப் பணிபற்றிப் பெருவழக்கு எழுந்தது. அவ்வேளையில் யூதர்மேல் உள்ள பகை, வெளிப்படைச் சொல்லாற் கூறப்படாமலே செய்தித்தாள்களினும் மேடைகளினும் தெருப்பேச்சினும் எவ்வாறு உலவிற்று என்பதனை அவர்கள் ஆராய்ந்தனர். குறிப்பாற் கூறிய சொல்லின் பொருள் முன்னை வரலாறு அறியாதார்க்கு விளங்காது; வரலாறு மட்டும் அறிந்தார்க்கு அச்சொல் கேட்போர்பால் யாது செய்தது என்பது விளங்காது. ஆகலின் இவ்விரு முறைகளும் ஒன்றனையொன்று வேண்டி நிற்பனவாயின.

சைவநூற் பயிற்சியுடையார்க்கு இவ்வினாக்கள் முற்றும் அயலானவை அல்ல. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் சுபக்கத்தில் மெய்ப்பொருள் கூறப் புகுமுன் அளவைகளை வைத்தனர். பத்தென எண்ணப்படும் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினர். அப்பத்தனுள் ஐதிகம் என்பது ஒன்று. இம்மரத்திற் பேயுண்டு என்பதுபோல, முதற்கண் சொன்னவர் இன்னார் என்று அறியப்படாது வழிவழி வருஞ் செய்தி அது. கருதலளவைக்குரிய ஏதுக்களை வகுத்த நூலோர் இயல்பு, காரியம் என்பவற்றோடு அனுபலத்தியையும் கூறினர். ஒன்று காணப்படாமையால் அஃது இன்மையைத் துணிதலே அனுபலத்தி. நூற்கருத்துத் துணிதற்குத் தொடக்கமும் முடிவும் இயைதல், பயிலக் கூறல், புதுமை, பயன், புனைந்துரை, பொருந்துமாறு காட்டல் என ஆறு குறிகள் வடமொழி நூலோரால் வகுக்கப்பட்டன. இவை உள்ளமைகொண்டு மேனாட்டு முறை முன்னரே ஈண்டு இருந்தது என்று பெருமை பேசுதல் பொருந்தாது. முன்னையோர் இவற்றை மெய்ப்பொருள் துணிதற்கு ஆண்டனரேயன்றிச் சமுதாயத்தை ஆராய்தற்கு ஆண்டிலர். எனினும், சொல்லை எடைபோடாது கொள்ளற்க என்னும் கட்டளை இரண்டிடத்தும் ஒன்றே.

இனித் திருநாளைப்போவார் வரலாறு வளர்ந்த படிகளை முறையே காணல் வேண்டும். முதற்படி சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருத்தொண்டத்தொகை. அதன்கண் நாயனாரின் பெயரும் ஓர் அடைமொழியும் அன்றி வேறில்லை. ஊரும் குலமும் கூறப்படவில்லை. இரண்டாம் படி, சேக்கிழார்க்கு முற்பட்ட நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி. அஃது ஒரு பாட்டில் ஆதனூர் என்னும் ஊரையும், புலை நீங்கினமையையும், தில்லை மூவாயிரவர் கைகூப்ப அவர் முனியானமையையும் கூறுகின்றது. தீ அதன்கண் கூறப்படவில்லை. மூன்றாம் படி, 12ஆம் நூற்றாண்டில் எழுந்த சேக்கிழாரின் பெரியபுராணம். 37 பாட்டுக்களில் ஆதனூர்ச் சேரியின் தோற்றமும், திருக்கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அருச்சனைக்குக் கோரோசனையும் நாயனார் அளித்த தொண்டும், திருப்புன்கூரில் நந்தி விலகியமையும், தில்லை எல்லையை வலஞ்செய்து நின்றமையும், கனவில் இறைவன் ஆணையும், தென்மதிற் புறத்துத் தீயும், முனிவராய் எழுந்து அம்பலத்தே மறைந்தமையும் ஈண்டே விரிவாக வருகின்றன.

நான்காம் படி, ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. நந்தனாரை ஆளாக வைத்து வேலை கொள்ளும் வேதியர் இதன்கண்ணே தோன்றுகின்றார். நாற்பது வேலி நிலத்தைப் பயிரிட்டு முடித்தபின் தில்லைக்குப் போகலாம் என்னும் கட்டளையும், ஓரிரவில் இறையருளாற் பயிர் விளைந்தமையும், வேதியர் நந்தனார் காலில் வீழ்ந்தமையும் இதற்கே உரியன. 1935இலும் 1942இலும் வெளிவந்த நந்தனார் திரைப்படங்கள் இக்கதையையே நாடெங்கும் பரப்பின. இன்று நந்தனார் என்னும் பெயரைக் கேட்டார் பலர் நினைப்பது இந்நான்காம் படியையே.

படிகளைப் பிரித்துக் காணாமையால் விளையும் முதற் குற்றம், ஒரு காலத்துச் செய்தியை மற்றொரு காலத்தின்மேல் ஏற்றுதல். வேதியரும் நாற்பது வேலியும் சோழர்கால உழவடிமைக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. சேக்கிழார் காட்டும் நந்தனார் தனி ஒருவர்க்கு ஆளாகிய உழவர் அல்லர். ஊரார் விட்ட பறைத்துடவை நிலத்தின் வருவாய்கொண்டு வாழ்ந்து, தம் தொழிலிற் சிறந்தவர். ஊரின் பொதுப்பணிக்கு ஈடாக விடப்பட்ட நிலம் ஒன்று. பண்ணையாளாகப் பிணிக்கப்பட்ட நிலை வேறொன்று. கீர்த்தனை காட்டும் நிலை, அதனை இயற்றியவர் கண்முன் இருந்த தஞ்சைச் சீமையின் நிலையாம். 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்தால் அடிமையுரிமை நீதிமன்றங்களில் ஏற்கப்படாதொழிந்தது. ஆயினும் பண்ணையாள் முறை அற்றொழியவில்லை. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வேண்டப்பட்டமையே அதற்குச் சான்று. ஆகவே வேதியர் கதை 12ஆம் நூற்றாண்டிற்கு ஆகாத சான்று. 19ஆம் நூற்றாண்டிற்கோ மிகச் சிறந்த சான்று. அக்கதையைப் பாடியவர் தாமும் அந்தணரே என்பதும் கருதத்தக்கது. தம் குலத்தார் ஒருவரைக் கொடியராகவும் பின்னர்த் திருந்துவாராகவும் வைத்துப் பாடியமை, அக்காலத்து அம்மக்களிடையே எழுந்த மனவுறுத்தலைக் காட்டுகின்றது என்று கொள்ளின் அது வரம்பு கடந்த கொள்கையாகாது.

ஒரு புலவன் தான் நிறுவ முற்படாத செய்தியில் அறியாமலே தரும் சான்று மிக்க வலிமையுடைத்து என்பர் வரலாற்றறிஞர். சேக்கிழார் ஆதனூர்ச் சேரியை வண்ணித்தது அதன் இருப்பை நிறுவுதற்கு அன்று. ஊர்ப்புறத்தே சேரி தனியே இருந்தமை அவர்க்கும் கேட்போர்க்கும் இயல்பான செய்தி. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் கல்வெட்டுக்கள், ஊர்களில் இறை நீங்கிய நிலங்களை எண்ணுமிடத்துப் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பவற்றைத் தனித்தனி குறிக்கின்றன. பாட்டும் கல்லும் ஒத்து நிற்குமிடத்து ஐயத்திற்கு இடமின்று. சைவத்தில் வேற்றுமை என்றும் இருந்ததின்று என்பார் இக்கல்லெழுத்துக்கு விடை கூறுதல் வேண்டும்.

இரண்டாம் குற்றம், கூறாமையை இன்மையாகத் துணிதல். நம்பியாண்டார் நம்பி தீயைக் கூறாமையின் தீ சேக்கிழார் புனைந்தது என்பர் சிலர். அந்தாதியின் ஒரு பாட்டு நாயனார் வரலாறு முழுவதையும் கூறப் புகுந்ததன்று. புலை நீங்கியது என்று பயனைக் கூறி, நீங்கிய வழியைக் கூறாது விடுகின்றது. காணத்தக்க இடத்துக் காணப்படாமையே இன்மைக்கு ஏதுவாம். காண இடமில்லாதவழிக் காணப்படாமை ஏதுவாகாது. எனவே தீ நம்பிக்குத் தெரியாது என்றும் துணிதற்கில்லை, தெரியும் என்றும் துணிதற்கில்லை. இன்னும் சிலர், நாயனார் கொல்லப்பட்டார் என்றும் அக்கொலையை மறைத்தற்கே தீயின் கதை எழுந்தது என்றும் உறுதியாகக் கூறுவர். நூல் சொல்லாத ஒன்றனை, நூல் சொல்லாமையே காரணமாக மெய்யெனக் கொள்ளின், எதனையும் எந்நூலிலிருந்தும் பெறலாம். ஐயுறுதல் ஆராய்ச்சிக்குத் தொடக்கமாகலாம், முடிவாகாது. ஆயினும் அவ்வையத்தை எழுப்பினாரைப் பகைவர் என்று வைதலும் விடையாகாது. ஒரு பாட்டில் அடங்கிய செய்தி 37 பாட்டாக விரிந்தபொழுது அதன் நடுவே தீ அமைந்தது ஏன் என்னும் வினா முறையான வினாவே.

அவ்வினாவிற்குச் சொல்லாடல் ஆய்வு துணைசெய்யும். சேக்கிழார் பாட்டில் விலக்கு யார் வாயிலாகக் கூறப்படுகின்றது என்று நோக்குக. தில்லையில் எவரும் அவரை 'நில்' என்று சொல்லவில்லை. வாயில் காப்போர் தடுக்கவில்லை, அந்தணர் சினக்கவில்லை, இறைவன் ஆணை பெற்ற பின்னரே அவர்கள் அச்சத்தோடும் வணக்கத்தோடும் நாயனாரை அணுகுகின்றனர். தம் பிறவியே தடை என்னும் எண்ணம் நாயனாரின் உள்ளத்தே வைக்கப்பட்டிருக்கின்றது. வேள்விப் புகையைக் கண்டும் மறையொலியைக் கேட்டும் அவர் தாமே அஞ்சி எல்லையில் நிற்கின்றார். ஒருவரும் சொல்லாத விலக்கு ஒருவரை நாளும் இரவும் எல்லையிற் சுழலச் செய்யுமாயின், அவ்விலக்கு சொல்லப்பட வேண்டாத அளவிற்கு வேரூன்றியிருந்தது என்பது பெறப்படும். வியன்னா ஆராய்ச்சி காட்டிய உண்மையும் இதனோடு ஒக்கும். சொல்லாமற் சொல்லப்படுவதே சமுதாயத்தின் ஆழ்ந்த கட்டளை. கொடுமை செய்தார் இன்னார் என்று ஒருவரைத் தேடுவார், கொடுமை ஒருவர் வாயிலும் இல்லாமல் எல்லார் நெஞ்சிலும் இருந்தது என்பதனைத் தவறவிடுகின்றனர்.

இத்துணையோடு நின்று, இதுவே சேக்கிழார் கொள்கை என்று முடித்தல் மூன்றாம் குற்றம். ஒரு நூலின் கருத்தை ஓரிடத்தால் துணிதல் ஆகாது; ஒத்த இடங்கள் பலவற்றையும் ஒருங்கு நோக்கல் வேண்டும். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைத் திருவாயிலின் புறத்தே நின்று யாழிசைக்க, இறைவன் ஆணையால் தொண்டர் அவரை உள்ளே திருமுன்பு கொண்டுசென்றனர். அவர்க்குப் பொற்பலகையும் இடப்பட்டது. திருவாரூரில் அவர் புகுதற்கு வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டது. திருச்சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்னும் அந்தணர் இல்லத்தே, ஞானசம்பந்தர் சொற்படி யாழ்ப்பாணரும் அவர்தம் துணைவியாரும் வேள்வி வேதிகையின் பாங்கரே தங்கினர். அவ்வேதிகைத் தீ வலமாகச் சுழன்று ஓங்கிற்று. இவற்றுள் ஓரிடத்தும் யாழ்ப்பாணர் பிறவி மாறவில்லை; அவர் பாணராகவே புகுந்தனர், பாணராகவே தங்கினர்.

ஆகவே பெரியபுராணத்தில் வாயில்கள் பல, தீயும் இரண்டு. தில்லையின் தீ பிறவியை நீக்கிப் பின் உள்ளே விடுகின்றது. சாத்தமங்கையின் தீ பிறவியை நோக்காது மகிழ்ந்து ஓங்குகின்றது. மதுரையில் உள்ளே கொண்டுசெல்கின்றனர். ஆரூரில் வேறு வாயில் திறக்கின்றது. பாணர்க்கும் புலையர்க்கும் அக்காலச் சமுதாயம் ஒரே இடம் அளித்தது எனக் கருதுதலும் தவறாம்; அவ்வேறுபாடும் இவ்விடங்களின் வேறுபாட்டிற்கு ஒரு காரணமாகலாம். இவை ஒன்றோடொன்று முற்றும் ஒத்தில. ஒவ்வாமையை மறைத்து ஒருமை காட்ட முயலுதல் ஆராய்ச்சியன்று. அடியாரை அடியாராகவே ஏற்றல் வேண்டும் என்னும் அன்புநெறியும், ஊரில் வழங்கிய குலவரம்பும் ஒரு பெருநூலினுள் நேர்நேர் நின்று போராடுகின்றன என்பதே ஒப்புநோக்கிற் பெறப்படும் உண்மை. தில்லைத் தீயை மட்டும் காட்டிச் சைவத்தைப் பழிப்பாரும், சாத்தமங்கைத் தீயை மட்டும் காட்டிச் சைவத்தைக் காப்பாரும் நூலைப் பாதியே படித்தவர்.

சைவர் பக்கத்தே நிகழும் பிழை பிறிதொன்றும் உண்டு. தில்லைத் தீ ஞானத்தீ என்றும், எரிந்தது ஆணவ மலமே என்றும் பொருள் கூறி, இதனாற் குலத்தைப்பற்றிய பேச்சே ஈண்டு இல்லை என்று முடிப்பர். உபதேசப் பொருளாக அவ்வுரை கொள்ளத்தக்கதே. தன்னிலையில் நின்று ஓதுவார்க்கு அது பயன் தரும். ஆனால் உபதேச உரையை வரலாற்று வினாவிற்கு விடையாக நீட்டுதல் அளவை மாறிய பிழை. மலம் எல்லாவுயிர்க்கும் பொது. மதிற்புறத்துத் தீயோ, வேறு குலத்து நாயன்மார் எவர்க்கும் கோயில் புகுதற்கு முன்னீடாகக் கூறப்படவில்லை. இவ்வேறுபாட்டிற்கு ஞானத்தீ என்னும் உரை விடையாகாது.

இவ்வரலாறு பிற்காலத்தே பெற்ற பொருள்களும் ஆராய்ச்சிக்கு உரியனவே. அயோத்திதாச பண்டிதர் நந்தன் என்பான் பௌத்த அரசன் என்று எழுதினர். அதற்குக் கல்வெட்டுச் சான்று காட்டப்பட்டிலது. எனினும் இழிவு தம்மவர்க்குப் பிறப்பொடு வந்ததன்று, பின்னர்ச் சுமத்தப்பட்டது என்னும் ஒரு மக்களின் மறுப்புரையாக அதனைக் கேளாதார் அதன் பொருளை அறியார். காந்தியடிகள், தம்மைத் தாமே வருத்திக்கொண்டு தடைகளை வென்றவர் என நந்தனாரைப் போற்றினர். சுவாமி சகசானந்தர் 1916இல் சிதம்பரத்தே நந்தனார் பெயராற் கல்விநிலையம் கண்டனர். நாயனார் எல்லையில் நின்றதாகக் கூறப்படும் அவ்வூரிலேயே, அவர் பெயரால் அம்மக்களின் பிள்ளைகள் எழுத்தறிந்தனர். ஒரு வரலாறு பின்வந்தாரிடத்துச் செய்த செயலும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே என்று சொல்லாடல் ஆய்வு கூறுவது இவ்விடத்து முற்றும் பொருந்தும்.

இம்முறைகளுக்கும் எல்லை உண்டு. நூல் இக்காலத்தது, இச்சொல் இவர் வாயிலது, இச்செய்தி கல்லோடு ஒத்தது என்பவற்றை அவை காட்டும். கனவில் ஆணை தந்தான் இறைவனே என்பதனையோ, அன்று என்பதனையோ அவை காட்டா; அது காண்டற்கும் கருதற்கும் அப்பாற்பட்ட உரையளவையின் புலம். வரலாற்று முறையால் அருளை மறுப்பாரும், அருளைக் காட்டி வரலாற்று முறையை மறுப்பாரும் ஒரே பிழையின் இரு பக்கத்து நிற்கின்றனர். அடியார் பத்தி ஆராய்ச்சியால் அழியும் என்று அஞ்சுதல் வேண்டா. நூலைப் படிப்படியாகப் பிரித்து நோக்கியபொழுது, சேக்கிழார் பெருமை குன்றவில்லை. ஊர் எழுதா வரம்பாக வைத்திருந்த விலக்கை மறையாது காட்டி, அவ்வரம்பிற்கு அப்பால் திறந்த வாயில்களையும் காட்டிய பெரும்புலவர் அவர் என்பதே புலனாயிற்று.

அறுபத்து மூவர் திருவுருவங்கள் வைக்கப்பட்ட சிவாலயங்களில் திருநாளைப்போவார் திருவுருவமும் ஏனையோரோடு வரிசையில் நிற்கின்றது. நாள்தோறும் அதன்முன் கைகூப்பிய ஊர், அவர் பிறந்த குலத்தாரை வாயிற்புறத்தே நிறுத்தியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1939, 1947ஆம் ஆண்டுகளின் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வரவேண்டியிருந்தமை அதற்குக் கரி. ஒரு சமுதாயத்தை ஆராய்வார் அதன் நூலை மட்டும் நோக்கின் கல்லுருவத்தை மட்டும் கண்டாராவர். அதன் நடையை மட்டும் நோக்கின் வாயிலை மட்டும் கண்டாராவர். இரண்டனையும் ஒருங்கு வைத்து, இடையே உள்ள தொலைவு எத்துணை என்று அளந்து கூறுதலே ஆராய்ச்சியின் கடன். அத்தொலைவைக் குறைத்தல் அடியார் கடன் என்க.